சலித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்

கல்வி நிறுவனங்களுக்கான தேசியத் தரவரிசைப் பட்டியலில் 2025-ம் ஆண்டு ஒரு புதுக் கணக்கு சேர்ந்தது. வெளியான பிறகு பிழையோ மோசடியோ கண்டுபிடிக்கப்பட்டுத் திரும்பப் பெறப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கப்படுகிறது. கட்டுரை மெய்யா பொய்யா என்று கேட்கத் தொடங்கியிருப்பது நல்லதுதான். ஆனால் மெய்யான கட்டுரையால் யாருக்கு என்ன நடந்தது என்று கேட்க அந்தப் பட்டியலில் இன்னும் இடமில்லை.

இந்தக் கேள்வியைச் சென்னையிலோ பெங்களூருவிலோ நின்று கேட்பதைவிட விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நின்று கேட்பது பொருத்தம். ஸ்ரீவில்லிபுத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அருகில் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம். அதனுள் தனிக் கணிதத்துக்கான (discrete mathematics) தேசிய ஆய்வு மையம். ராஜபாளையத்தில் நூற்பாலைகள். அதை அடுத்த சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் மருத்துவமனைகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள். வடமேற்கே மலையைத் தாண்டினால் தேனி மாவட்டத்தில், நியூட்ரினோ ஆய்வகத்துக்கு ஒதுக்கப்பட்ட பொட்டிப்புரம்.

மருத்துவம், உயிரித் தொழில்நுட்பம், கணிதம், இயற்பியல் நான்கும் இவ்வளவு நெருக்கமாக அமைந்த ஊர்கள் தமிழகத்தில் அதிகம் இராது. ஆனாலும் தறிக்காரருக்குக் கணித மையம் தெரியாது. கணித மையத்துக்குத் தறி தெரியாது.

பிரசவ விரிப்பும் பேண்டேஜ் தறியும்

அண்மைக் காலத்தில் ஏழைத் தாய்மாரின் உயிரைக் காப்பதில் பெரிய பலன் காட்டிய ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகளில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் நடந்த ஆய்வு அது. குழந்தை பிறந்ததும் தாய்க்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்பதைக் கண்ணால் மதிப்பிடுவதுதான் வழக்கம். அப்படிப் பார்த்தபோது ஆபத்தான ரத்தப்போக்கில் பாதிதான் கண்டுபிடிக்கப்பட்டது. அளவுக்கோடு போட்ட பை வைத்த ஒரு விரிப்பைத் தாயின் கீழே விரித்து அளந்தபோது நூற்றுக்கு 93 கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவுடன் கருப்பையைத் தடவிவிடுவது, மருந்து, நரம்பு வழித் திரவம் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் ஒரே சமயத்தில் கொடுத்தார்கள். கடுமையான ரத்தப்போக்கு, அதற்கான அறுவை சிகிச்சை, அதனால் வரும் மரணம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் 4.3 சதவீதம் 1.6 சதவீதமாக இறங்கியது.

2025 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் இதைத் தன் வழிகாட்டுதலிலேயே சேர்த்துவிட்டது. 500 மில்லி போகும்வரை காத்திருக்க வேண்டாம். 300 மில்லி போய், நாடித்துடிப்போ ரத்த அழுத்தமோ மாறினாலே சிகிச்சையைத் தொடங்கலாம் என்கிறது.

இத்தகைய அளவு விரிப்பை உருவாக்கிய முன்னோடிகள் ஆப்பிரிக்கர்களோ ஐரோப்பியர்களோ அல்ல. கர்நாடகத்தின் பெலகாவியில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2000-களின் தொடக்கத்திலேயே தங்கள் ஆய்வுக்காக ஒன்றைச் செய்து பயன்படுத்தினார்கள். நம் பக்கத்து மாநிலத்தில் பிறந்த பொருள், உலகம் சுற்றி நிரூபணமாகி, வழிகாட்டுதலாக நமக்கே திரும்பி வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

சத்திரப்பட்டிக்கு இதில் என்ன வேலை? அங்கே மருத்துவத் துணி என்றால் பெரும்பாலும் பேண்டேஜும் காஸும்தான். நூல் விலை ஏறினால் தறி நிற்கும். கூலிப் பேச்சு இழுத்தாலும் தறி நிற்கும். மலிவுச் சரக்கை அதிகம் நெய்து சிறு லாபத்தில் ஓடும் தொழில். அளவு விரிப்பு நெய்கிற பொருள் அல்ல, பிளாஸ்டிக் தாளில் வெட்டி ஒட்டுகிற பொருள். ஆனால் மருத்துவச் சாதன உரிமம் வாங்குவது, கிருமி நீக்கிப் பொதிவது, மருத்துவமனைகளுக்கு அனுப்புவது ஆகியவை இந்த ஊர் அறிந்த வேலைகள். அதற்கான இயந்திரம் வாங்கலாமா, விற்குமா என்று தறி உரிமையாளர் முடிவெடுக்க வேண்டுமானால், முதலில் இப்படி ஒரு தேவை உலகத்தில் உருவாகியிருக்கிறது என்ற செய்தி அவருக்கு வந்துசேர வேண்டும். ஆங்கில மருத்துவ இதழில் வந்த கட்டுரையை அவர் படிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மருத்துவ ஆய்வு என்றால் விலை உயர்ந்த புது மருந்து என்ற எண்ணமும் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. 2021-ல் இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 5,788 அறுவை சிகிச்சை நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. தோலைத் துடைக்க விலை கூடிய குளோர்ஹெக்ஸிடின் கரைசல் ஒரு பக்கம், வழக்கமான போவிடோன் அயோடின் மறுபக்கம். கிருமிக்கொல்லி பூசிய தையல் நூல் ஒரு பக்கம், சாதா நூல் மறுபக்கம். புண்ணில் சீழ் வைப்பதில் எந்த வேறுபாடும் இல்லை.

மறு ஆண்டு அதே ஆய்வாளர்கள் வேறொரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன் கையுறையையும் கருவிகளையும் மாற்றினால் என்ன ஆகும்? தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. ஒரு ஜோடி கையுறை! மருத்துவமனை ரசீதைப் பார்த்துத் திகைத்து நிற்கும் எவருக்கும் இந்த இரண்டு முடிவுகளும் தெரிந்திருக்க வேண்டும். புது மருந்து வந்த செய்தி நாளிதழில் வருகிறது. பழசே போதும் என்ற செய்தி வருவதில்லை. அதை விற்று யாரும் லாபம் பார்க்க முடியாது என்பதாலோ என்னவோ.

காய்ப்புழு கற்றுக்கொண்ட பாடம்

உயிரித் தொழில்நுட்பம் நம் கரிசல் காட்டுக்கு வந்தது பருத்தி வழியாக. மண்ணில் வாழும் பேசில்லஸ் துரின்ஜியென்சிஸ் என்ற பாக்டீரியாவின் நச்சுப் புரதத்துக்கான மரபணுவைப் பருத்திச் செடிக்குள் புகுத்தியதுதான் பி.டி. பருத்தி. இந்தியாவில் 2002-ல் அனுமதி கிடைத்தது. இரண்டு மரபணு கொண்ட அடுத்த தலைமுறை 2006-ல் வந்தது. பச்சைக் காய்ப்புழுவுக்கு மருந்தடிக்கும் செலவு குறைந்தது உண்மை.

இளஞ்சிவப்புக் காய்ப்புழு வேறு கதை. 2009 வாக்கிலேயே குஜராத்தில் அது முதல் தலைமுறை நச்சைத் தாங்கப் பழகிவிட்டது. பின்னர் இரண்டாம் தலைமுறையையும் தாண்டியது. காய்க்குள் இருந்துகொண்டு விதையைத் தின்னும் புழு அது. செடி வெளியே செழிப்பாக நிற்கும். காயைப் பிளந்தால்தான் சேதம் தெரியும். அப்போது மருந்தடித்துப் பயனில்லை.

ஏன் இப்படி ஆனது என்பதில்தான் பாடம் இருக்கிறது. பி.டி. விதைக்கும்போது வயல் ஓரத்தில் சாதாப் பருத்தியும் விதைக்க வேண்டும். அங்கே வளரும் எதிர்ப்பில்லாத புழுக்கள், எதிர்ப்பு பெற்றவற்றோடு கலந்து அந்தக் குணத்தை நீர்த்துப்போகச் செய்யும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. விதைப் பையோடு அதற்கென ஒரு சின்னப் பொட்டலமும் வந்தது. அதை எதற்கு விதைக்க வேண்டும் என்று விவசாயிக்குப் புரியும்படி யார் சொன்னார்கள்? புழு தின்னட்டும் என்று நல்ல நிலத்தைக் கொடுக்க எவருக்கு மனம் வரும்? பொட்டலம் தூக்கிப் போடப்பட்டது. வீரிய ஒட்டு ரகங்களையே விற்றதால் ஒரே காய்க்குள் நச்சு உள்ள விதையும் இல்லாத விதையும் கலந்திருந்ததும் புழுவுக்குப் பயிற்சிப் பள்ளியானது. ஆய்வகத்தில் செய்தது சரியாக இருந்தது. வயலோடு பேசாமல் விட்டதுதான் தவறியது.

இப்போது லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம், இந்தப் புழுவையும் தாங்கும் புதிய மரபணுப் பருத்தியை உருவாக்கியிருப்பதாக அறிவித்திருக்கிறது. மத்திய அரசு 2025 பட்ஜெட்டில் பருத்தி உற்பத்தித் திறனுக்காக ஐந்தாண்டு இயக்கம் ஒன்றையும் அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆலைகளுக்குப் பஞ்சு மலிவாகக் கிடைக்கட்டும் என்று 11 சதவீத இறக்குமதி வரி தற்காலிகமாக நீக்கப்பட்டது. ராஜபாளையம் ஆலைக்கு அது மூச்சு விட இடம் கொடுத்திருக்கும். பஞ்சு விற்கும் விவசாயிக்கு அடி. ஆலையும் வயலும் ஒரே மாவட்டத்தில் இருந்தும் ஒருவருக்கு ஆதாயமானது மற்றவருக்கு நட்டமாக முடிவதற்கு ஒரு காரணம், உள்ளூர்ப் பஞ்சின் விளைச்சலும் தரமும் போதாமல் இருப்பது. எஸ்.வி.பி.ஆர். என்ற எழுத்துகளில் தன் ஊர்ப் பெயரைச் சுமக்கும் ரகங்களைக் கொடுத்த ஸ்ரீவில்லிபுத்தூர் நிலையம் இதில் நடுவராக இருக்க வேண்டிய இடம். புதிய மரபணு வரும், வராமலும் போகும். வந்தால் பழைய பொட்டலக் கதை திரும்ப நடக்கக் கூடாது.

புது மரபணு இல்லாமலே செய்யக்கூடியது நிறைய உண்டு. இந்தப் புழு பெரும்பாலும் பருத்தியை நம்பியே வாழ்கிறது. அறுவடை முடிந்ததும் பருத்தி மாரை (காய்ந்த செடித் தண்டை) வயலிலும் வரப்பிலும் போட்டுவைக்காமல் அழிப்பது, இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது, பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் ஜின்னிங் ஆலை வளாகத்தில் பொறி வைப்பது ஆகியவை சேர்ந்தாலே அடுத்த பருவத் தாக்குதல் குறையும். ஆனால் ஒருவர் மட்டும் செய்தால் பலனில்லை. ஊரே ஒரே வாரத்தில் செய்ய வேண்டும். அதற்கு விஞ்ஞானியைவிட ஊராட்சித் தலைவர் முக்கியம்.

பழைய கணக்கே போதும்

2025-ல் கணினிக் கணித உலகம் ஒரு செய்தியைக் கொண்டாடியது. ஓரிடத்திலிருந்து மற்ற எல்லா இடங்களுக்கும் மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்க டைக்ஸ்ட்ரா என்ற டச்சு அறிஞர் 1959-ல் வெளியிட்ட முறையைத்தான் உலகம் பாடமாகப் படிக்கிறது. அதைவிட வேகமான முறையை, சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரான் துவான் குழு நிரூபித்துக் காட்டியது. ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்ட முடியாது என்று பலரும் நம்பியிருந்த இடம் அது.

இதனால் ராஜபாளையத்தில் 108 ஆம்புலன்ஸ் சீக்கிரம் வருமா? வராது. நம் சாலை வரைபடத்துக்குப் பழைய முறையே கண்ணிமைக்கும் நேரத்தில் விடை சொல்லிவிடும். அறிவியல் செய்தி எழுதுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு "இனி வழிகாட்டும் செயலிகள் பறக்கும்" என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. பெரிய சாதனை, ஆனால் அதன் இடம் வேறு.

ஆம்புலன்ஸ் சீக்கிரம் வர உதவும் கணிதம் கிருஷ்ணன்கோவிலில் பல ஆண்டுகளாக நடக்கிறது. புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட வரைபடங்களைப் பற்றிய துறை அது. இதற்கென அங்கிருந்து 2004 முதல் ஒரு பன்னாட்டு இதழும் வெளிவருகிறது. அந்தத் துறையின் முக்கியக் கேள்விகளில் ஒன்று இது: ஒவ்வொரு புள்ளியும் ஒரு காவல் புள்ளியாகவோ, ஒரு காவல் புள்ளிக்குப் பக்கத்திலோ இருக்கும்படி, குறைந்தபட்சம் எத்தனை காவல் புள்ளிகளை எங்கே வைக்க வேண்டும்? சதுரங்கப் பலகையில் எல்லாக் கட்டங்களையும் ஐந்து ராணிகளால் காவல் காக்க முடியும் என்பது இதன் பழைய உதாரணம். ராணிக்குப் பதில் ஆம்புலன்ஸை வையுங்கள். கட்டத்துக்குப் பதில் வத்திராயிருப்பு, சேத்தூர், தளவாய்புரம், மம்சாபுரம் என்று ஊர்களை வையுங்கள்.

எந்த வண்டி எந்த நேரத்தில் எந்த முக்கில் நிற்க வேண்டும் என்பது மேசையில் உட்கார்ந்து முடிவு செய்யும் காரியமல்ல. சந்தை நாளில் ஒரு விடை, ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று வேறு விடை. அழைப்பு வந்த நேரம், இடம், வண்டி போய்ச்சேர்ந்த நேரம் என்ற மூன்று தகவல், பெயர் நீக்கிக் கிடைத்தால் முதுநிலை மாணவர் ஒருவர் ஒரு பருவத்தில் செய்யக்கூடிய ஆய்வேடு இது.

பொட்டிப்புரத்தில் கலந்துபோன இரண்டு கேள்விகள்

நியூட்ரினோ என்ற நுண்துகள் பற்றி இந்தப் பகுதியில் பேசுவது நெருப்பில் கை வைப்பது. ஆனாலும் பேசத்தான் வேண்டும். கோலார் தங்கச் சுரங்கத்தில் 1965-ல், வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோவை உலகில் முதன்முதலில் கண்டவர்களில் இந்திய விஞ்ஞானிகளும் உண்டு. சுரங்கம் மூடியபின் ஆய்வகத்துக்குப் புதிய இடம் தேடினார்கள். நீலகிரியில் சிங்காரா முதலில் தேர்வானது. புலிகள் வாழும் பகுதி என்று மத்திய அரசே மறுத்தது. பிறகு பொட்டிப்புரம். 2015 ஜனவரியில் 1,500 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வழக்கு, போராட்டம், மீண்டும் வழக்கு. 2022-ல் தமிழக அரசு, மதிகெட்டான், பெரியாறு காடுகளுக்கு இடையே புலிகள் செல்லும் வழி பாதிக்கப்படும் என்று உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது.

இதற்கிடையே சீனா குவாங்டாங் மாகாணத்தில் 700 மீட்டர் ஆழத்தில் 20,000 டன் திரவம் நிரப்பிய ஜூனோ ஆய்வகத்தைக் கட்டி முடித்து 2025 ஆகஸ்டில் இயக்கத் தொடங்கியது. இரண்டு மாதத் தரவிலேயே, அதுவரை இருந்ததைவிடத் துல்லியமான அளவீடுகளைத் தந்துவிட்டது. நாம் தேட நினைத்த விடைகளில் ஒன்றான நியூட்ரினோக்களின் எடை வரிசையைத்தான் அதுவும் தேடுகிறது.

பொட்டிப்புரத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. நியூட்ரினோ உடலைக் கெடுக்குமா என்பது ஒன்று. கெடுக்காது, இதைப் படிக்கும் நொடியிலும் கோடானுகோடி நியூட்ரினோக்கள் உங்களைத் துளைத்துப் போகின்றன. மலையைக் குடைந்தால் காட்டுக்கும் ஊற்றுக்கும் என்ன ஆகும் என்பது மற்றொன்று. அது முழுக்க நியாயமான கேள்வி. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் வந்த பிறகு அதற்கு இன்னும் வலுக் கூடியது. முதல் பயத்தைப் போக்கியிருந்தால் இரண்டாவதை நிதானமாகப் பேசியிருக்கலாம். சிங்காராவில் கிடைத்த பாடம் பொட்டிப்புரத்துக்கு வரும்போது யார் பையிலும் இல்லை. இடத்தைத் தீர்மானித்த பிறகு மக்களிடம் விளக்குவது விளக்கம் ஆகாது, சமாதானம்.

என்ன செய்யலாம்?

ஆய்வு முடிவு மக்களிடம் சேராது என்பதில்லை. சேர்ந்ததற்குச் சான்று தமிழகத்திலேயே இருக்கிறது. காசநோயாளிகள் சானடோரியத்தில் இருக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தே மாத்திரையில் குணமாகலாம் என்று உலகுக்குச் சொன்னது 1950-களின் இறுதியில் சென்னையில் நடந்த ஆய்வு. 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோயாளியின் எடை, மூச்சு, ஆக்சிஜன் அளவு, தாங்கிப் பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று சிலவற்றை மட்டும் ஒரு தாளில் குறித்து, ஆபத்தானவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். ஆய்வாளர் கையில் இருந்த அறிவு சுகாதாரச் செவிலியர் கையில் ஒரு தாளாக மாறியது. அந்தத் தாளை எழுதுவது ஒருவரது வேலையாக இருந்தது என்பதே காரணம்.

அந்த வேலையைத்தான் இங்கேயும் உருவாக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஆய்வுத் தொடர்பு அலுவலர் என ஒருவர் போதும். தறி, ஆலை, வயல், மருத்துவமனை ஆகியவற்றின் சிக்கல்களை ஆண்டுக்கு ஒருமுறை கேட்டுப் பட்டியலிட்டுக் கல்லூரிகளுக்கு அனுப்புவதும், கல்லூரிகளில் கிடைத்த விடைகளைத் தமிழில் திரும்பக் கொண்டுவருவதும் அவர் வேலை. தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் மாணவர் ஆய்வுத் திட்டங்களுக்கு நிதி தருகிறது. அதில் ஒரு பங்கை இத்தகைய பட்டியலிலிருந்து எடுத்த தலைப்புகளுக்கு ஒதுக்கலாம்.

முனைவர் பட்ட ஆய்வேட்டோடு இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் கட்டாயம் என்று பல்கலைக்கழகங்கள் விதி செய்ய மத்திய அரசைக் கேட்க வேண்டியதில்லை, பணமும் தேவையில்லை. எழுதியவருக்கே தன் ஆய்வு புரிந்ததா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

அளவு விரிப்புக்கு விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமும் சேர்ந்து ஒரு சிறு முன்னோட்டக் கொள்முதலை அறிவித்தால், இயந்திரம் வாங்கலாமா என்று சத்திரப்பட்டி தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். மானியம் கேட்பதைவிட உறுதியான ஆர்டர் கேட்பது மேல்.

பருத்தி மார் அழிக்கும் வாரத்தைத் தேர்வு செய்து கிராம சபையில் அறிவிக்கும் பொறுப்பை வேளாண் துறைக்கும் பருத்தி நிலையத்துக்கும் கூட்டாகக் கொடுக்கலாம். 108 சேவையின் பெயர் நீக்கிய தகவலைக் கணித மையத்துக்குத் தர மாநில சுகாதாரத் துறையின் ஒரு கடிதம் போதும்.

இன்னொன்று டெல்லியில் முடிவாக வேண்டியது. ஆய்வு இதழ்களை நாடு முழுவதும் ஒரே சந்தாவில் படிக்கும் திட்டத்துக்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி 2025 ஜனவரியில் தொடங்கினார்கள். முதல் கட்டத்தில் அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே இடம். தென் மாவட்டங்களில் உயர்கல்வியின் பெரும்பகுதி தனியார், உதவி பெறும் கல்லூரிகளில்தான் நடக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மாணவர் படிக்கும் ஆய்வு இதழைத் தனியார் கல்லூரியின் செவிலியர் மாணவியும் படிக்க முடிய வேண்டும். அடுத்த கட்டத்தில் முதலில் சேர்க்கப்பட வேண்டியவை இந்தக் கல்லூரிகளே.